மொட்டையன் சாகக் கூடாது

மொட்டையனுக்கு இன்னும் பதினோரு உயிர்தான் பாக்கி. இன்னொரு சுற்றுப் போனால் செத்துவிடுவான். அதை நினைக்க நினைக்கத் தைரியராஜுக்கு உள்ளங்கை வியர்த்தது.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில், ஏழாம் நம்பர் கட்டிலில் அவன் அண்ணன் சவரிராஜ் படுத்திருந்தார். இடது கையில் இரண்டு குழாய். ஒன்றில் ரத்தம் மெஷினுக்குப் போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. வலது கை மட்டும்தான் ஆட்டத்துக்கு. ஒற்றைக் கையால் சீட்டை விரித்துப் பிடிக்க முடியாது என்பதால், மீன் பெட்டித் தெர்மாகோல் துண்டைப் பிளேடால் கீறி, சீட்டுகளை அதில் வரிசையாகச் செருகி வைத்திருந்தார். கடலூர் முதுநகரில் முப்பது வருஷம் மீன்பிடிப் படகு இஞ்சின் பிரித்து மாட்டியவர். அவருக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

இது ஒருவரை ஒருவர் கவிழ்க்கும் சீட்டாட்டம் இல்லை. ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, ஆளுக்கு ஒரு சூப்பர் ஹீரோ. எதிரி, பெட்டிக்குள் இருக்கும் வில்லன். அவனுக்காக ஆட ஆள் தேவையில்லை. சுற்றுக்கு ஒரு தரம் அவன் கட்டிலிருந்து மேல் சீட்டைப் புரட்டினால், அதில் எழுதியிருக்கிறபடி அவனே எல்லோரையும் அடிப்பான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சவரிராஜின் மகன் ஆன்டோ வீட்டில் விட்டுப் போன பெட்டி. ஹீரோக்களின் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் சவரிராஜே ஞானஸ்நானம் செய்துவைத்தார். மின்சாரம் பாய்ச்சுகிறவள் கரண்டு அக்கா, அவருக்கு. பாறை உடம்புக்காரன் கல்லு மாமா, தம்பிக்கு. காயம் ஆற்றுகிற டாக்டரம்மா, பக்கத்துக் கட்டில் பொன்னுரங்கத்துக்கு. அவர் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் மேஸ்திரி, அவருக்கும் அதே வியாதி. தலையில் மயிரில்லாத அந்த வில்லன் மொட்டையன்.

மூன்று பேரும் ஒரே கட்சி என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒருவன் மட்டும் மொட்டையன் கட்சி. அது தைரியராஜ்.

காரணம் இருந்தது. அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணி ஜோதி மேரிக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. கோயில் வாசலில் அவள் நின்று அழுதபோது, “நான் இருக்கறேன் அண்ணி, என்னுத எடுத்துக்குங்க” என்று ஊரார் கேட்கச் சொல்லிவிட்டான் தைரியராஜ். அண்ணனுக்கும் தனக்கும் செருப்பு அளவுகூட ஒத்துப்போனதில்லையே, கிட்னியா ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை. டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த அன்றே மயங்கி விழுந்தான். ரிசல்ட் வந்த அன்று இன்னொரு தரம் விழுந்தான். அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது.

அவனைக் காப்பாற்றியது அண்ணன்தான். சவரிராஜ் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல், பார்க்கலாம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். ஆவணியில் ஒருநாள் இருதயத்துக்கு ஏதோ டெஸ்ட் எடுத்து, வார்டு ஆயா குப்பு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து விட்டாள். அதற்கு அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரும்போது அவர் மடியில் இந்தப் பெட்டி இருந்தது. பெட்டியில் ஆறு வில்லன்கள். பொழுது முழுக்க விதிமுறையைப் படித்து, அதில் மொட்டையனைப் பொறுக்கி எடுத்தார். ஜெயிக்கக் கஷ்டம் என்று காட்ட நாலு மண்டையோடு அச்சிட்டிருந்தது அவன் ஒருவனுக்குத்தான். “அப்பா, அவன ஜெயிச்சவங்களே கம்மி, ஈசியானவனா எடுங்க” என்று ஆன்டோ போனில் சொல்லியும் கேட்கவில்லை.

“இந்த மொட்டையன என்னிக்கு ஜெயிக்கறமோ, அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்” என்றார் சவரிராஜ். “மாதா மேல சத்தியம். அதுவரைக்கும் என்ன யாரும் கேக்கக் கூடாது.”

பைத்தியக்காரச் சத்தியம்தான். ஆனால் ஒன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வந்தது அன்றுதான். ஜோதி மேரி அன்று ராத்திரி இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டாள். மொட்டையன் தோற்றால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். ஒரு வில்லன் சாக வேண்டும் என்று மாதாவிடம் கேட்பது சரியா என்று மட்டும் பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் தைரியராஜுக்கு ஒரு கவலையும் இல்லை. மொட்டையன் வாரத்துக்கு மூன்று முறை, செவ்வாய் வியாழன் சனி, மூன்று பேரையும் துவைத்துக் காயப்போட்டான். அவனை அடித்தால் திருப்பி அடிப்பான். பாதி உயிர் போனால் அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும், மறுபக்கத்தில் இரண்டு மடங்கு கோபத்தோடு இருப்பான். ஆனால் பொன்னுரங்கம் லேசுப்பட்டவர் இல்லை. மில்லில் கோளாறு பார்த்த கண். மொட்டையனைத் தொடாதே, அவனைச் சுற்றியிருக்கிற மெஷின்களை முதலில் உடை, அவனைத் தொட்டால் கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் அடி என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதன்படி ஆடி, இதோ பதினோரு உயிரில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

“தைரியம், அட்றா” என்றார் அண்ணன். வீட்டில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதைவிடப் பெரிய கேலி அவன் வாழ்க்கையில் கிடையாது.

அடித்தால் மொட்டையன் செத்தான், இவன் வயிறு கிழிந்தது. “நான் அடிக்கல, சும்மா ஒளிஞ்சிக்கறேன்” என்றான்.

மொட்டையன் சீட்டைப் புரட்டினார்கள். இந்தச் சுற்றில் தன்னை அடித்தவர்களின் கட்சியையே மொத்தமாகக் கொல்லும் சீட்டு. அவன் அடிக்காததால் மற்ற இருவரும் அடிக்கவில்லை, ஆகவே யாரும் சாகவில்லை. அதற்குள் டயாலிசிஸ் மெஷின் கூவியது, நாலு மணி நேரம் முடிந்தது, ஆட்டத்தைக் கலைத்தார்கள். தப்பித்தோம் என்று தைரியராஜ் மூச்சு விட்டான்.

பொன்னுரங்கம் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒளிந்துகொள்வதுதான் மொட்டையனுக்கு மருந்து, தம்பி கண்டுபிடித்துவிட்டான் என்று வார்டு முழுக்கச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆலப்பாக்கம் தாண்டும்போதே பஸ்ஸில் தைரியராஜ் வேறு திட்டம் போட்டான். கல்லு மாமாவை முதல் சுற்றிலேயே சாகக் கொடுத்துவிட்டால் இரண்டு பேரால் என்ன செய்ய முடியும்? அப்படியே செய்தான். மொட்டையன் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று செத்தான். நிஜத்தில் வராத வீரம் சீட்டில் வந்தது.

பொன்னுரங்கம் நிதானமாகக் கண்ணாடியைப் போட்டு விதிமுறையைப் புரட்டினார். செத்த ஹீரோ சும்மா இருக்க மாட்டானாம். சுற்றுக்கு ஒரு தரம் கூட்டாளிக்கு ஒரு சீட்டு அதிகமாகக் கொடுப்பானாம். கரண்டு அக்காவுக்குச் சீட்டு வந்து குவிந்தது. மொட்டையன் நாலு உயிருக்கு வந்துவிட்டான்.

“செத்தும் குடுத்தான் சீதக்காதின்றது உன் தம்பிக்குத்தாம்பா பொருந்தும்” என்றார் பொன்னுரங்கம். தைரியராஜுக்கு அது சீட்டைப் பற்றிச் சொன்னதாகப் படவில்லை.

அன்று அவனைக் காப்பாற்றியதும் பொன்னுரங்கம்தான். அடுத்த சீட்டை எடுக்கும்போது அவருக்குப் பிரஷர் இறங்கி, கண் செருகி, சீட்டு வைத்திருந்த தட்டோடு சாய்ந்தார். சீட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில் சிதறியது. நர்ஸ்கள் ஓடிவந்து அவர் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். தைரியராஜ் குனிந்து சீட்டுப் பொறுக்கினான். அப்போது கரண்டு அக்காவின் இடிச் சீட்டு அவன் கையில் வந்தது. ஒரே அடியில் இருபது உயிரை எடுக்கும் சீட்டு. அது இல்லாமல் மொட்டையனை முடிப்பது பெரும்பாடு. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒரு மனிதன் மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருடுகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

வியாழக்கிழமை எட்டாம் நம்பர் கட்டிலில் பொன்னுரங்கம் இல்லை. குப்பு புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நேத்து விடியறப்பவே முடிஞ்சிடுச்சி” என்றாள். “தூக்கத்துலதான். கஷ்டம் இல்ல.”

சவரிராஜ் பெட்டியைத் திறந்தார். பிறகு மூன்று பேருக்கும் சீட்டுப் போட்டார். டாக்டரம்மாவை அவரே ஆடினார். இடிச் சீட்டு வரவேயில்லை, மொட்டையன் ஜெயித்தான். தைரியராஜ் நினைத்தது நடந்தது. அவனுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

தைரியராஜ் கல்யாணத்துக்கும் பயந்தவன். முப்பத்தெட்டு வயதிலும் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, அண்ணிதான் துணி துவைப்பாள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் உள்ளே நுழைந்தபோது, மாதா சொரூபத்தின் காலடியில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் சாய்த்து வைத்திருந்தது இடிச் சீட்டு. மெழுகு ஒரு சொட்டு அதன் முதுகில் விழுந்து உறைந்திருந்தது.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தாள்.

“ஒஞ் சட்டப் பையில இருந்துச்சி தம்பி. உங்கண்ணனோட பெரிய சீட்டு இதுதானாமே, ஆன்டோ சொன்னான். ஜெபம் பண்ணத்தான எடுத்தாந்த? நீயும் எங்கிட்ட சொல்ல மாட்ட, நானும் கேக்கல. மாதா கிட்ட வெச்சிட்டேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு குடும்பத்துல இந்த மாரி இருக்காங்க சொல்லு.”

திட்டியிருந்தால் சமாளித்திருப்பான். தோட்டத்துப் பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். தன்னைப் போல ஒரு கேவலமான பிறவி கடலூர் ஜில்லாவிலேயே இருக்க முடியாது என்று தோன்றியது. காலியான எட்டாம் நம்பர் கட்டில் கண்ணுக்குள்ளேயே நின்றது. அழுது முடித்தபோது பயம் போயிருக்கவில்லை. ஆனால் இதற்கு மேல் அதன் பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

சனிக்கிழமை தைரியராஜ் சீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். அன்று அவன் ஆடியதைப் பொன்னுரங்கம் பார்த்திருக்க வேண்டும். மெஷின்களை ஒவ்வொன்றாக உடைத்தான். ஒளிய வேண்டிய இடத்தில் ஒளிந்தான். டாக்டரம்மாவை அவனே ஆடி, அண்ணன் மேல் விழுந்த அடியையெல்லாம் ஆற்றினான். மொட்டையன் மறுபக்கம் திரும்பிக் கொதித்தபோதும் அசரவில்லை. கல்லு மாமாவின் கடைசிச் சீட்டையும் இறக்கி அடித்தான். மொட்டையனுக்கு ஒன்பது உயிர்.

“அண்ணே, ஒங்க முறை” என்றான். “இடிய எறக்குங்க, முடிஞ்சான்.”

சவரிராஜ் தெர்மாகோல் துண்டை ஒருமுறை பார்த்தார். மூன்று சீட்டுகள் செருகியிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த தைரியராஜுக்கு அவற்றின் முதுகுதான் தெரியும். நடுச் சீட்டின் முதுகில் ஒரு சொட்டு மெழுகு இருந்தது.

“இடி எங்கடா வந்துச்சி? எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றார் சவரிராஜ். “இந்தச் சுத்து நான் அடிக்காம விட்டுடறேன்.”

மொட்டையன் சீட்டைப் புரட்டினார்கள். எல்லோரையும் கொன்றான். சவரிராஜ் எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் வழித்து, கலந்து, பெட்டிக்குள் போட்டார். அடுத்த தரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் தோற்றவரின் வருத்தமே இல்லை.

தைரியராஜ் எழுந்து வராந்தாவுக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த குப்புவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. தான் பயந்தாங்கொள்ளி என்பது அண்ணனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது, தம்பியைக் கத்தியிலிருந்து காப்பாற்றத்தான் கையில் ஜெயிக்கிற சீட்டை வைத்துக்கொண்டு தோற்கிறார் என்று விக்கி விக்கிச் சொன்னான். சீட்டைத் திருடியதையும் சொன்னான்.

“இனிமே சத்தியமும் வேணாம், சீட்டும் வேணாம். நானே டாக்டரு கிட்ட போறேன் ஆயா. இன்னிக்கே ஆபரேஷனுக்குத் தேதி குடுங்கன்னு கேக்கப் போறேன். எனக்குப் பயமில்ல.”

பயமில்லை என்று சொன்னபோது நிஜமாகவே இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் பெயருக்கு அவன் பொருத்தமாக இருந்தான். எழுந்து டாக்டர் அறையைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

குப்பு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒக்காருப்பா. அவருக்கு இதயம் தாங்காது, ஆபரேஷனே பண்ண முடியாதுன்னு ஆவணியிலயே டாக்டரு கைய விரிச்சிட்டாரு, நான்தான் அன்னிக்கு வண்டி தள்ளிக்கினு பக்கத்துல நின்னேன். பொஞ்சாதிக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிடுவா, ஜெயிக்கவே முடியாத ஆட்டம் எதுனா இருக்குதா ஆயான்னு வர்ற வழியில எங்கிட்டதான் கேட்டாரு உங்கண்ணன்.”