தாடை மாமாவும் கால்நடை டாக்டரும்

குன்னம் வட்டாரத்தில் யாருடைய வங்கிப் பாஸ்புக்கையாவது வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்துப் படத்தில் அந்த ஆள், யாரையோ வெட்டிப் போட்டுவிட்டு நேராக வந்து உட்கார்ந்த மாதிரிதான் இருப்பார். ஒரு வட்டாரத்தையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்த பெருமை ஒரே மனிதரைச் சேரும். அவர் பெயர் போட்டோ ஸ்டுடியோ போர்டில் பெரிதாகவே எழுதியிருக்கிறது. ஆனால் ஊருக்கு அவர் தாடைதான். ஸ்டூலில் உட்காருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் "தாடையத் தூக்குங்க" என்று நாலு முறை சொல்லாமல் அவர் கேமராவைத் தொட மாட்டார்.

எல்லாம் ஒரு துப்பறியும் தொடர் செல்போனில் வர ஆரம்பித்த பிறகு வந்த வினை. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ஒரு பகுதி வரும். ஒரு கிராமத்தில், அறுத்த வெங்காயத்தைச் சேர்த்து வைக்கும் பட்டறைக்குள் ஒரு தரகர் செத்துக் கிடக்கிறார். நிலமும் பேசுவார், கல்யாணமும் பேசுவார், அப்படிப்பட்ட தரகர். யார் கொன்றது? சாராயம் காய்ச்சும் பேச்சியம்மாவா, மொட்டை என்கிற அடியாளா, மாட்டுக்கு ஊசி போடும்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் கால்நடை டாக்டரா? ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் சைக்கிளில் போய்த் துப்பறிகிறார். குன்னத்தில் வயலுக்கு வயல் இருக்கும் அந்த வெங்காயப் பட்டறையைக் கண்டதும் தாடை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது நம்ம ஊருதாங்க. ஆளுங்க பேரைத்தான் மாத்திப்புட்டானுங்க" என்றார். அன்றிலிருந்து யார் எந்தப் பாத்திரம் என்று கண்டுபிடிப்பதே அவருக்குத் தொழில். படம் எடுப்பது சும்மா பொழுதுபோக்கு.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். பதிலுக்கு ஏற்பப் பாத்திரம், பாத்திரத்துக்கு ஏற்ப லைட். நல்லவன் என்றால் குடை லைட் மேலே இருக்கும். கெட்டவன் என்றால் தரைக்கு இறங்கிவிடும். கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால் பச்சைக் குழந்தைகூடக் கொள்ளைக்காரனாகத்தான் தெரியும். குன்னத்தில் நல்லவர்கள் மிகவும் குறைவு என்பது அவர் முடிவு.

ஒரு தலைமையாசிரியையைப் பேச்சியம்மா என்று சொல்லிவிட்டார். கடையை இரண்டாக்கப் போகிறார் என்று எல்லோரும் பயந்தார்களாம். அந்த அம்மா அடுத்த வாரம் பேச்சியம்மா மாதிரியே பெரிய மூக்குத்தியாகப் போட்டுக்கொண்டு வந்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டார். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் முடி இறக்கிவிட்டுப் படம் எடுக்க வந்த ஒரு விவசாயிக்குக் கேள்வியே கேட்கவில்லை. மொட்டை வேடம் உறுதி.

"சாமிக்கு வேண்டிக்கிட்டு எடுத்ததுங்க இது. ரெண்டு மாசத்துல வளந்துடும்" என்றார் அவர்.

"வளந்ததும் வாங்க, வேற தரேன்" என்றார் தாடை.

தனக்கு மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏட்டையாவை எடுத்துக்கொண்டார். காக்கிக் கால்சட்டை தைத்துக்கொண்டதோடு, தன் படத்தையும் நாலு பக்கம் லைட் வைத்து எடுத்துக் கடையில் மாட்டியிருந்தார்.

சரி, அரியலூர்க்காரனான எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பெண் பார்க்கப் போயிருந்தேன். பெண் தேன்மொழி. அந்தக் கடையிலேயே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தன் மாமாவான தாடை கீழேயிருந்து அடித்த நிழலை அவருக்குத் தெரியாமல் துடைத்துச் சிலருடைய மானத்தையாவது காப்பாற்றிக்கொண்டிருந்தவள். பார்த்த பத்தாவது நிமிடம் எனக்குப் பிடித்துவிட்டது. ஜாதகமும் பொருந்தியது. தேதி குறிக்கலாமா என்று என் அம்மா கேட்டதும் தேன்மொழியின் அம்மா கையைப் பிசைந்தார்.

"இவ அப்பா போனதுலேருந்து எங்க அண்ணன்தான் தூக்கி வளத்துச்சு. அது ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுங்க. தம்பிய ஒரு நடை கடைக்கு அனுப்பி வைங்க."

போனேன். ஸ்டூலில் உட்கார வைத்தார். தாடையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"பந்தியில உங்க இலைக்கு மட்டும் அப்பளம் வரல. என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த தடவை வரும்போது வாங்கிக்குவேங்க" என்று சிரித்தேன்.

"வழியில பாம்பு கிடக்குது."

"அது போற வரைக்கும் நிப்பேன்."

"கடைசியா எப்ப அழுதீங்க?"

"ஞாபகம் இல்லீங்க."

குடை லைட் மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"கால்நடை டாக்டரு" என்றார்.

"டாக்டர்னா நல்லதுதானுங்களே?"

"கோவமே வராது, அவசரமே கிடையாது, அழுவ மாட்டான். தம்பி, கொன்னது அவன்தான்னு எனக்குச் சந்தேகம். இன்னும் மூணு வாரம் இருக்கு. முடிவு தெரியட்டும், அப்புறம் பூ வைக்கிறதப் பத்திப் பேசுவோம்."

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் நம்பவில்லை. நம்பியதும் கொதித்துப் போனாள். "ஆனிக்குள்ள முடியலன்னா ஆடி வந்துரும். உடையார்பாளையத்துல முந்திரிக்காட்டுக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. மூணு வாரம் பாப்பேன். அதுக்கு மேல அங்க பேசி முடிச்சிருவேன்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள்.

தேன்மொழிக்குப் போன் செய்தேன். "மாமா நல்லவருதாங்க. ஆனா புடிச்சாப் புடிச்சதுதான், விட மாட்டாரு" என்றாள். பிறகு, "அந்த டாக்டரு கொன்னிருக்க மாட்டாருங்க. மாட்ட எவ்வளவு பதமா தடவுறாரு, பாத்தீங்களா?" என்றாள். கூடவே, மாமா அன்று எடுத்த என் படத்தையும் அனுப்பியிருந்தாள். நிழலையெல்லாம் துடைத்திருந்தாள்; அதில் நான் மனிதனாக இருந்தேன்.

அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. டாக்டர் கத்தரிக்கோலை எடுத்தால் எனக்கு வியர்க்கும். அவர் பட்டறைப் பக்கம் திரும்பினால் "ஐயா, அந்தப் பக்கம் போவாதீங்க" என்று செல்போனிடம் கெஞ்சுவேன். கல்லங்குறிச்சிக்குப் போய் நெய்விளக்கும் ஏற்றினேன். ஒரு கற்பனைக் கால்நடை டாக்டர் கொலை செய்திருக்கக் கூடாது என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்ட முதல் பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

கடைசிப் பகுதி வந்த வெள்ளிக்கிழமை தாடை கடையைச் சாத்திவிட்டு இரண்டு குடும்பத்தையும் உள்ளே உட்கார வைத்தார். அவர் காக்கிக் கால்சட்டையில் முன்வரிசையில் இருந்தார். கம்ப்யூட்டரில் கதை ஓடியது. பாதியில் உண்மை தெரிந்தது. கொலை நடந்த நேரத்தில் டாக்டர் மூன்று மைல் தள்ளி ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கன்றுக்குட்டி எழுந்து நின்றதும் நான் விட்ட பெருமூச்சில் பக்கத்திலிருந்த காகிதமெல்லாம் பறந்தது. அதுவரை தொடரைத் திட்டிக்கொண்டிருந்த என் அம்மா, "தங்கமான டாக்டரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த பத்து நிமிடத்தில் கொலைகாரர் யாரென்று தெரிந்தது. ஏட்டையா. தான் எடுத்து வளர்த்த பெண்ணுக்குத் தரகர் வெளியூர்ச் சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். பிரிய மனமில்லாமல் ஏட்டையா அடித்துவிட்டார்.

தாடை எழுந்து, பழைய நாளில் பிலிம் கழுவிய இருட்டறைக்குள் போய்விட்டார். தேன்மொழி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "போங்க" என்றாள். உள்ளே போனேன். ஒரு முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கதைதானுங்களே, விடுங்க" என்றேன்.

"இல்ல தம்பி. எல்லாருக்கும் தப்பாச் சொல்லியிருந்தாலும் எனக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். "டாக்டரு மேல எனக்கு ஒரு சந்தேகமும் கெடையாது. அப்பளத்துக்குச் சிரிச்சீங்க பாருங்க, அப்பவே உங்களப் புடிச்சுப் போச்சு. இந்தப் புள்ள அரியலூருக்குப் போயிட்டா, எடுத்த படத்தையெல்லாம் கொறை சொல்லிச் சண்டை போட, எனக்குத் தெரியாம நெழலத் தொடைக்க யாரு இருக்கா? ஒரு மூணு வாரமாவது தள்ளிப் போகட்டும்னு பாத்தேன்."

நிழலை அவள் துடைப்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"குன்னத்துலேருந்து அரியலூர் எவ்வளவு தூரம் மாமா? ஏறி உக்காந்தா வந்துடலாம்" என்றேன். மாமா என்று அவரை அப்போதுதான் முதல் முறை கூப்பிட்டேன்.

"பஸ்ஸு கெடைக்கணுமே" என்றார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "வாங்க மாப்ள. வெளியில நாளு பாத்துக்கிட்டு இருப்பாங்க."

ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வருகிறார். புதிதாக ஏதோ தொடர் பார்க்கிறார் போலிருக்கிறது. எங்கள் தெருவில் இதுவரை இரண்டு கடத்தல்காரர்கள், ஒரு கள்ளச்சாமியார் அகப்பட்டிருக்கிறார்கள். "இனிமே நம்ம தெருவுல தலைகாட்ட முடியாது, உங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க மாமா" என்று தேன்மொழி சாயங்காலம் வரை அவரோடு சண்டை போடுகிறாள். அவரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சண்டையையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்.

போன ஞாயிறு அவர் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். தேன்மொழி நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்தான்.