ஒரு பிடி நல்ல புண்ணாக்கு

சாம்பிள்காரர் என்ற இனத்தை நீங்கள் அறிவீர்கள். அறியாவிட்டால் மட்டாஞ்சேரிப் பஜாருக்கு ஒருமுறை வந்து போங்கள். படகுத்துறையில் இறங்கி நூறடி நடப்பதற்குள் நான்கு பேர் உங்கள் உள்ளங்கையில் எதையாவது வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். வைத்தது முதல்தரமாகத்தான் இருக்கும். சாம்பிள்காரர் பொய் சொல்லமாட்டார். பொய்க்கு அவசியமே நேராதபடி உண்மையிலிருந்து ஒரு நல்ல துண்டை முன்கூட்டியே பொறுக்கி வைத்துக்கொள்வார்.

இந்த இனத்தின் சிகரம் சங்கரலிங்கம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகப் புண்ணாக்கு மண்டி நடத்துகிறவர். எதிர்த்த மிளகுக் கடையில் இங்கிலீஷ் கடிதங்கள் டைப் அடிப்பவன் நான். ஆகவே அவரை நாள்தோறும் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு உண்டு. போட்டோ எடுத்தால் வலக்கன்னத்தைத்தான் காட்டுவார், இடக்கன்னத்தில் மரு. வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் பி.ஏ. படித்த மூத்த மகனை முன்னால் நிறுத்துவார்; இளையவனுக்கு அன்று பார்த்து எர்ணாகுளத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

இப்பேர்ப்பட்டவரின் வாழ்வில் விஞ்ஞானம் குறுக்கிட்டது. சில வருஷங்களுக்கு முன் சீமையில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன அல்லவா? கடலைப் புண்ணாக்கில் பிடித்த பூஞ்சைதான் காரணம், அது கக்கும் விஷம் கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். உடனே, பரிசோதனைச் சீட்டு இல்லாமல் புண்ணாக்கு வேண்டாம் என்று வெளிநாட்டு வியாபாரிகள் கடிதம் எழுதினார்கள். அறுபத்தைந்தில் வில்லிங்டன் தீவில் ஒரு சின்னப் பரிசோதனைச் சாலையும் முளைத்தது. பஜார் நடுங்கிற்று. அண்ணாச்சி நடுங்கவில்லை.

"சாம்பிள்தானே கேக்கான்? குடுத்தாப் போச்சு" என்றார்.

அவர் சாம்பிள் எடுத்த அழகை நான் பார்த்தேன். ஆனி மாத மழை. அவர் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் பின்சுவர் காயலில் நிற்கிறது. அடிவரிசை மூட்டைகள் ஈரம் குடித்து, பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தன. அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, ஏணி வைத்து ஏறி, கூரையோரம் இருந்த மூட்டையைப் பிரித்து, பொன்னிறத் துண்டுகளாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றையும் வேட்டி நுனியால் துடைத்து, வாயால் ஊதி, இரண்டு நாள் அடுப்பு மேடையில் உலர்த்தி, புதுத் துணிப்பையில் கட்டினார். பெண்ணைக்கூட இத்தனை சிங்காரித்து யாரும் மணையில் உட்கார வைத்ததில்லை.

படிவம் இங்கிலீஷில் இருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போனார். அங்கே பரிசோதிக்கிறவள் ஜெயலக்ஷ்மி என்ற பெண்; திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது யாராக்கும் எடுத்தது?"

"நானேதாம்மா. வேற ஆளை நம்புறதில்ல."

"எத்தனை சாக்கிலேர்ந்து எடுத்தேள்?"

"இருநூறு மூட்டை இருக்கு."

"நான் அதில்லையே கேட்டது. பத்து சாக்குக்கு ஒண்ணு பிரிச்சு, மேலே, நடுவிலே, அடியிலேன்னு எடுத்து, பொடிச்சுக் கலந்து கொண்டுவரணும். விஷம் எல்லாடத்திலயும் ஒண்ணு போலே இருக்காது. நன்னா இருக்கறதை மாத்ரம் கொண்டுவந்தா, நன்னா இருக்குன்னுதான் ரிப்போர்ட் வரும்."

"அதுதாந் தாயி எனக்கு வேணும்" என்றார் அண்ணாச்சி, கண் கலங்க.

சாற்றை எடுத்துக் காகிதத்தில் பொட்டு வைத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே பார்ப்பார்களாம். நீலமாக மின்னினால் விஷம். அண்ணாச்சியின் பொட்டு மின்னவில்லை. மின்னுமா? ஜெயலக்ஷ்மி விஷமில்லை என்று சீட்டு எழுதினாள். ஆனால் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: இந்த முடிவு கொண்டுவரப்பட்ட பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும், சரக்குக்கு அல்ல. அண்ணாச்சி சீட்டைக் கண்ணாடி போடக் கொடுத்தபோது, சட்டத்தை அகலமாக வைக்கச் சொன்னார். அந்த வரி மரத்துக்கு அடியில் போய்விட்டது. படம் கல்லாவுக்கு மேலே, பிள்ளையாருக்குப் பக்கத்தில், தினசரி மாலையோடு தொங்கிற்று.

ஏற்றுமதிக் கம்பெனிக்காரன் விவரமானவன். தன் ஆளை அனுப்பி அடிவரிசை மூட்டையைக் குத்திப் பார்த்து, சரக்கு வேண்டாமென்று போய்விட்டான். அப்புறம் அந்த இருநூறு மூட்டையும் எங்கே போகும்? ஆளை அனுப்பத் தெரியாதவர்களிடம் போகும்.

பள்ளுருத்தியில் வாத்து வளர்க்கும் மூக்கம்மாள் வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி, புருஷன் இல்லை, முந்நூறு வாத்துக்குஞ்சுகள்தான் அவளுடைய சோறும் துணியும். இரண்டு மூட்டை கேட்டாள். கொஞ்சம் உடைத்து முகர்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, காறல் அடிக்கே?"

"மழைக்கு அப்படித்தாங் கெடக்கும். சயின்ஸே நல்லதுன்னு சொல்லியாச்சு, நான் வேற சொல்லணுமா? டைப்பு சார், அந்தச் சீட்டை இவளுக்குக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

நான் வாசித்தேன். கண்ணாடிக்குள் தெரிந்ததை எல்லாம் தமிழில், நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். மரத்துக்கு அடியில் இருந்த வரி எனக்கு மனப்பாடம். அண்ணாச்சி வாங்கித் தந்த சாயா அப்போது என் கையில் சூடாக இருந்தது.

பத்தாம் நாள் குஞ்சுகள் தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு விழ ஆரம்பித்தன. மூன்றாவது வாரத்தில் பதினேழு மிஞ்சின. மூக்கம்மாள் மூட்டையில் மீந்திருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு, விசாரித்து விசாரித்துத் தீவுக்கே நடந்து போயிருக்கிறாள். ஜெயலக்ஷ்மி அவளை இருட்டறைக்குள் நிற்க வைத்து நீலத்தைக் காட்டினாளாம். அங்கிருந்து நேரே மண்டிக்கு வந்தாள்.

அண்ணாச்சிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மோசமான துண்டாப் பாத்துப் பொறுக்கிக் கொண்டுபோயி காமிச்சிருக்கா! இதெல்லாம் ஒரு நியாயமா?" என்று பஜாரையே கூப்பிட்டுக் கேட்டார். சாம்பிள் எடுப்பதில் ஒரு நேர்மை வேண்டாமா என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

"நாம் பொறுக்கல அண்ணாச்சி" என்றாள் மூக்கம்மாள். "வாத்துக்கும் பொறுக்கத் தெரியாது. போட்டதத் தின்னுச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஐயா, நீங்க அன்னைக்கு எல்லாத்தையும் வாசிச்சீங்களா?"

தெரிந்ததை வாசித்தேன் என்றேன். அது பொய்யில்லை. பொய்யே சொல்லாத அந்த இனத்தில் அன்று முதல் நானும் ஒரு பதிவு பெற்ற அங்கத்தினன். என்னை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நீங்கள் புன்னகை செய்கிறீர்கள். புண்ணாக்கு வியாபாரம் உங்களுக்கு இல்லை, சீட்டு வாசித்துக் காட்டும் வேலையும் இல்லை. சரி. அடுத்த வாரம் டாக்டரிடம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள் உங்களில் எத்தனை பேர்? காப்பியில் சர்க்கரை போடாதே என்று இன்றைக்கே வீட்டில் உத்தரவு போட்டிருப்பீர்களே. மூன்று நாள் பாகற்காய், ராத்திரிக்கு இரண்டே கோதுமை தோசை, காலையில் கோயிலைச் சுற்றி நடை. நான்காம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து முதுகில் தட்டுவார். நீங்களும் படியிறங்கி நேரே ஹோட்டலுக்குப் போய் ஜாங்கிரி கொண்டுவரச் சொல்வீர்கள். டாக்டரை ஏமாற்றிவிட்டீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் மிச்சச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்று தீர்க்க வேண்டியவர் டாக்டர் அல்லவே.