டிரையர் காத்தமுத்து கட்டிய அடுப்பு

முதலில் பூனை வெளியே வந்தது. அடுத்து தெய்வம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் புகை வந்தது. கடைசியாக, அந்தப் புகைக்குள் எங்கிருந்தோ, இருமிக்கொண்டே காத்தமுத்து வந்தார்.

"ஏனுங்க, அடுப்புப் பத்திக்கிச்சா, ஊடு பத்திக்கிச்சா?" என்று கேட்டாள் தெய்வம்மா.

"புது அடுப்பு. மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிக்கும்."

"யாரு, அடுப்பா, நாமளா?"

காத்தமுத்து இன்னும் பலமாக இருமினார். மனைவியிடம் தோற்கிற நேரங்களில் அவருக்கு இருமல் கூடிவிடும்.

தனக்குத் தெரியாத நெருப்பு இந்த மலையில் கிடையாது என்பது காத்தமுத்துவின் தாழ்மையான கருத்து. கட்டபெட்டுத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருடம் டிரையர் அடுப்புக்குத் தீ போட்டவர். அடுப்படியில் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விறகு தள்ளுவார். அனல் குழாய் வழியே போய், சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை மொறுமொறுவென்று காயும். வெறும் காத்தமுத்து என்றால் யாருக்கும் தெரியாது. 'டிரையர்' என்றால்தான் தெரியும். கோத்தகிரியில் ஒருவன் விறகுக் கட்டையைத் தூக்கிக் காட்டினால், அது எவ்வளவு நேரம் எரியும் என்று கட்டபெட்டிலிருந்தே சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. தொட்டபெட்டாவிலிருந்து உருட்டிவிட்ட பாறை மாதிரி விழுந்தது. மேட்டுப்பாளையம் வந்த பிறகும் நிற்கவில்லை. ஒரு கிலோ கொழுந்தை விற்றுவிட்டு டீக்கடைக்குப் போனால் டீயைக் குடிக்கலாம், வடையைப் பார்க்கலாம். ஃபேக்டரியை மூடினார்கள். காலனியில் வீடு வீடாகப் பூட்டுத் தொங்க, சனம் பனியன் தைக்கத் திருப்பூருக்கு இறங்கியது.

தெய்வம்மாவுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. மகள் ரேணுகா இருப்பது திருப்பூரில். இங்கே மார்கழிக் குளிர் முட்டிக்குள் புகுந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

"ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வேன் கொண்டாராரு," என்று அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். "அதுக்குள்ள ஊடு கதகதன்னு ஆச்சுன்னா இங்கயே இருந்துக்கலாம். இல்லீனா நான் வேன்ல ஏறிக்குவேன். நீங்க கூட ஏறுவீங்களோ, டயரைப் புடிச்சுட்டு வருவீங்களோ, உங்க இஷ்டம்."

திருப்பூரில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று காத்தமுத்துவுக்குத் தெரியும். பனியன் கம்பெனி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில். 'வாட்ச்மேன் தாத்தா, கேட்டைத் தொறங்க' என்பார்கள். டிரையர் என்று கூப்பிட அங்கே ஓர் உயிர் இருக்காது.

அதனால்தான் இந்த அடுப்பு. இடித்துப்போட்ட துரை பங்களாவிலிருந்து பழைய இரும்புக்கு வந்த, வீட்டைச் சூடாக்கும் கணப்பு அது. பார்ப்பதற்கு எருமைக் கன்று. தூக்கினால் எருமை. நாலு பேர் சுமந்து வந்தார்கள். அதில் இரண்டு பேர் அதற்கப்புறம் அவரோடு பேசுவதில்லை.

புகைக்குக் காரணம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. குழாயைச் சன்னல் வழியாக நீட்டிவிட்டிருந்தார். கூரைக்குக் கீழேயே வாய் நின்றதால், காற்று புகையைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது. மிச்சப் புகை பக்கத்து வீட்டுக் கொடிக்குப் போயிருந்தது.

அந்தக் காலனியில் இரண்டு இரண்டு வீடாகச் சேர்த்து, நடுவில் ஒற்றைச் சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெஸிந்தாவும் அவள் புருஷன் ராசுவும். ராசுவுக்குக் கேரட் கழுவுகிற வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்றுவிட்டு, வீட்டுக்குள்ளும் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசக்கூட வாயைத் திறக்காத மனிதன். வீட்டுப் பேச்சு மொத்தமும் ஜெஸிந்தாவின் பொறுப்பு. அவள் ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டிரையர் அண்ணா, இது வெள்ளைச் சீலைங்க. சர்ச்சுக்குக் கட்டறதுக்குத் தொவச்சுப் போட்டிருந்தேன். இதக் கட்டிட்டுப் போனா ஃபாதர் அடக்கத்துக்கு மணியடிச்சுருவாரு."

"குழாயை மாத்திக் குடுத்தர்றேன் தாயி."

மாற்றினார். குழாயை வீட்டுக்குள்ளேயே நடுச்சுவரை ஒட்டி ஏற்றி, இரண்டு ஓடுகளைப் பிரித்து, கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரம் நிறுத்தினார். புகை ஒழுங்காக வானத்துக்குப் போனது. ஆனால் குழாய் பழுக்கக் காய்ந்தது. குளிருக்கு அதில் சாய்ந்த பூனை, வாலில் பாதி முடியை அங்கேயே விட்டுவிட்டுப் பாய்ந்தது.

"இன்னைக்குப் பூனை வாலு," என்றாள் தெய்வம்மா. "நாளைக்கு என்ற முந்தானை."

"ஃபேக்டரில குழாய் வெளிய தெரியவே தெரியாது. சுவத்துக்குள்ள போயிரும். நாளைக்குப் பாரு."

மறுநாள் உளியை எடுத்து நடுச்சுவரைப் பாதி ஆழத்துக்குக் குடைந்தார். குழாயைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து உள்ளே புதைத்து, செங்கல் வைத்து, மண் பூசி மெழுகினார். அனல் அவசரமாக ஓடிவிடாமல் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும், அதுதான் தொழில் என்று சொல்லிக்கொண்டே பூசினார். இனி யார் தொட்டாலும் சுடாது. புகை ஒரு பொட்டு இல்லை. காலனியில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, குளிர் தாங்காமல் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

ஆமாம், வீடு சூடாகவில்லை.

"வெறகு ஈரம்," என்றார் காத்தமுத்து. கற்பூர மரத்துப் பச்சைக் கட்டை. எரிவதற்குப் பதிலாக அழுதுகொண்டிருந்தது. குழாய் அடைத்துக்கொள்ளும் என்று அதைத் தூக்கி வெளியே போட்டார். காய்ந்த விறகுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜெஸிந்தாவே ஒரு கட்டுச் சுமந்து வந்து வாசலில் இறக்கினாள். நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக்.

"வெச்சுக்கோங்கண்ணா. இன்னும் வேணும்னாலும் சொல்லுங்க, ராசு கொண்டாந்துருவாரு."

சேலை விஷயத்தில் கத்தியதற்காக மனசு உறுத்துகிறது போலும் என்று காத்தமுத்து நினைத்துக்கொண்டார்.

காய்ந்த விறகு பட்டாசாக வெடித்தது. ஒரு பொறி துள்ளி வந்து பாயில் ஓட்டை போட்டது. உடனே தரையில் தகரம் விரித்தார். அடுப்பைச் சுற்றி இடுப்பளவு செங்கல் அணை கட்டினார். பக்கத்தில் ஒரு வாளி மணல். பாதுகாப்பு பிரமாதம். கையை நீட்டிச் சூடுகாயலாம் என்றால் செங்கல்தான் கைக்குக் கிடைத்தது.

"சன்னலையாவது சாத்துங்க," என்றாள் தெய்வம்மா.

"அது மட்டும் கூடாது. தணல் இருக்கற ரூம்பு மூடிக் கெடந்துச்சுன்னா, விஷக் காத்து ஆளைத் தூங்க வெச்சே கொண்டுபோயிரும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தணலை அள்ளி வெளிய கொட்டிரணும். இதுல டிரையர்கிட்ட பேச்சே கெடையாது."

இதில் அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. ஆகவே சன்னல் திறந்தே இருந்தது. அதன் வழியாக மேகம் வந்தது. சம்பிரதாயத்துக்குக்கூடக் கதவைத் தட்டாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தது. போதாததற்கு, தீ இன்னும் நன்றாக இழுக்கட்டும் என்று குழாய் உச்சியில் ஒரு தகரத் தொப்பி மாட்டினார். அடுப்பு 'கோ' என்று இரைந்து, வீட்டுக்குள் இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி மேலே அனுப்பியது. வெளியே வைத்த குடத்துத் தண்ணீரைவிட உள்ளே வைத்த குடம் சில்லிட்டது. ஃபேக்டரி நினைவாக அவர் கொண்டுவந்திருந்த தர்மாமீட்டரைப் பார்த்தார். அது டிரையர் தர்மாமீட்டர். ஐம்பது டிகிரிக்குக் கீழே எதையும் மதிக்காது.

பூனை கோபித்துக்கொண்டு ஜெஸிந்தா வீட்டுக்குக் குடிபோனது.

தெய்வம்மாவும் சாயங்காலமானால் சீரியல் பார்க்க அங்கே போய்விடுவாள். போகும்போது ஸ்வெட்டரும் சால்வையுமாக, நடமாடும் மூட்டையாகப் போவாள். திரும்பும்போது முகம் சிவந்து, உதட்டில் ஒரு பாட்டோடு வருவாள். வேனில் ஏறப்போகிற சந்தோஷம் என்று காத்தமுத்து புரிந்துகொண்டார். எழுந்து இன்னும் இரண்டு கட்டை போட்டார்.

ஜெஸிந்தாவின் அன்புதான் ஒரே ஆறுதல். ஒரு நாள் தட்டு நிறைய வடகம் பொரித்துக்கொண்டு வந்தாள். ஊரே துணி காயாமல் ஈரத்தோடு கட்டிக்கொண்டு திரியும் அந்த மூடுபனியில், வடகம் சருகாகக் காய்ந்திருந்தது.

"நேத்துப் புழிஞ்சதுங்கண்ணா," என்றாள். அப்புறம் தயங்கி, "தீயை ராத்திரிக்கும் கொஞ்சம் போட்டு வெக்கக் கூடாதுங்களா?"

"தூங்கறப்ப தீ ஆகாது தாயி."

சொத்து கைவிட்டுப்போன மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். நம் மேல் எத்தனை அக்கறை என்று காத்தமுத்து கலங்கி, மிச்ச வடகத்தையும் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளை முத்துராஜ் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குளிர் என்பதை ஃபிரிட்ஜைத் திறந்து மட்டுமே பார்த்தவர். குரங்குத் தொப்பிக்கு மேலே துண்டும் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, அடுப்பு எரியுதுங்களா?"

"எரியுதே. பாருங்க."

"பாத்தா எரியுதுங்க மாமா. உக்காந்தா தெரியலீங்க."

காத்தமுத்து அடுப்பைப் பார்த்தார். அது வாய் நிறையத் தீயை வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு பருக்கை தராமல் நின்றது. அவர் எழுந்து தர்மாமீட்டரை வேட்டி முனையில் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"தோத்துட்டேன் மாப்பிள்ளை. டிரங்குப் பெட்டியைத் தூக்குங்க. நானே அங்க வந்து விசில் ஊதறேன்."

டிரங்குப் பெட்டி வேனில் ஏறியது. பாய், அம்மி, குடம் எல்லாம் ஏறின. தெய்வம்மா மட்டும் அசையவில்லை.

"நான் வரலை," என்றாள்.

"அத்தை, முட்டி வலி தாங்கலை, ஒடனே வாங்கன்னு நீங்கதானுங்க போன் போட்டீங்க."

"அது போன வாரங்க மாப்பிள்ளை. இப்ப முட்டி பூவாட்டம் இருக்குது." சொல்லிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கையை ஊன்றாமல் எழுந்தாள். "பெட்டியை எறக்குங்க. நாங்க இங்கயே இருந்துக்கறோம். அடுப்பு நல்ல அடுப்பு."

காத்தமுத்துவின் நெஞ்சு, குழாய் உச்சித் தகரத் தொப்பி வரைக்கும் உயர்ந்தது.

"முப்பது வருஷ நெருப்பு மாப்பிள்ளை. உங்களுக்கு ஒடனே தெரியாது. எலும்புக்குள்ள மெதுவாத்தான் போயி எறங்கும். இந்த மலையில இப்படி அடுப்புப் போடறதுக்கு வேற ஆளு கெடையாது."

"இருக்கும்ங்க மாமா," என்றார் முத்துராஜ், பல் கிடுகிடுக்க.

அப்போது வாசலில் நிழல் ஆடியது. ராசு நின்றுகொண்டிருந்தான். மூன்று ஸ்வெட்டரில் ஒன்றுகூட உடம்பில் இல்லை. வெறும் லுங்கி. நெஞ்சில் வேர்வை வழிந்தது. ஒரு தோளில் தெய்வம்மாவின் ஸ்வெட்டர், மறு கையில் கால்களை நாலு பக்கமும் தொங்கவிட்டுத் தூங்கும் பூனை. சொல்ல வேண்டாம் என்று தெய்வம்மா கண்ணைக் காட்டிப் பார்த்தாள். பல வருடமாகப் பேசாதிருந்த மனிதன், பேசுவதென்று முடிவு செய்து வந்திருந்தான்.

"மாப்பிள்ளை, அடுத்த வாட்டி வரும்போது திருப்பூர்ல இருந்து எங்களுக்கு ஒரு டேபிள் ஃபேன் கொண்டாங்க, டிரையர் அண்ணன் அடுப்புப் போட்டதுல இருந்து, சுவத்துக்கு அந்தப் பக்கம் நாங்க மூணு பேரும் பூனையும் தேயிலையாட்டம் மொறுமொறுன்னு காஞ்சுட்டு இருக்கறோம்."