பாட்டுக் கேட்டால் மாப்பிள்ளை வெளிக்கிடுவார்

இருபது வயதில் ஒருவனுக்கு இசையைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். அதன் பிறகு அந்த அறிவு வருடா வருடம் தேய்ந்துகொண்டே வரும். அக்காவின் கல்யாணத்தின்போது எனக்குச் சரியாக அந்த வயது. ஆகவே பாட்டுக் குழு பிடிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (அப்பா எனக்குத் தரவிருந்தது வாழைமரம் கட்டும் வேலை. பேசாமல் கட்டியிருக்கலாம்.)

எங்கள் ஊர் படுவான்கரையில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். கடை, அரசாங்கக் கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாம் வாவிக்கு அந்தப் பக்கம். நடுவில் பாலம் கிடையாது, 'பாதை'தான் இருந்தது. பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை. ஆள், சைக்கிள், ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகும் தட்டையான மிதவை. சண்டைக் காலத்தில் டீசல் கிடைக்காமல் அதன் மோட்டார் ஓய்வெடுத்துக்கொள்ள, இரண்டு பேர் நீளக் கம்புகளை ஊன்றித் தள்ளுவார்கள். அக்கரைத் துறையில் ராணுவக் காவலரண். மாலையானால் போக்குவரத்து இல்லை. இதற்குள்தான் நாங்கள் கல்யாணம் செய்தோம், பிள்ளை பெற்றோம், சோதனை எழுதித் தவறினோம்.

பட்டணத்தில் அப்போது பேர்பெற்ற குழு ஒன்று இருந்தது. கீபோட் இருந்தது, மினுங்கும் லைற் இருந்தது, சினிமாப் பாட்டை அச்சொட்டாகப் பாடுவார்கள். நான் போய்க் கேட்டபோது அதன் தலைவர் கல்யாணம் எந்த ஊரில் என்று விசாரித்தார். சொன்னேன். கீபோட்டுக்குத் தண்ணீர்க் காற்று ஒத்துக்கொள்ளாது என்றார். (அவருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது முகத்தில் தெரிந்தது. குற்றம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் வாவியைத் தாண்டுகிறவன் வீட்டில் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவான்.)

மிஞ்சியது 'ஐந்து அலைகள்'.

இலங்கையில் தமிழ்ப் பொப் பாட்டு கொடிகட்டிப் பறந்த காலத்தில் இவர்கள் பாட்டு இல்லாமல் றேடியோவில் பொழுது விடியாதாம். அகலக் காற்சட்டையும் காதை மூடிய முடியுமாக இவர்கள் மேடையேறினால் சனம் கதிரையில் உட்கார்ந்திராதாம். என் சித்தப்பா இவர்களைப் பார்த்துக் கிருதா வளர்த்து அடி வாங்கியது எங்கள் குடும்ப வரலாறு. பிறகு சினிமாக் கசற்றுகள் வந்தன, அதற்குப் பிறகு சண்டை வந்தது. றேடியோ அவர்களை மறந்தது. றேடியோவைப் பார்த்து ஊரும் மறந்தது.

நான் அவர்களைக் கண்டுபிடித்தது ஒரு தச்சுப் பட்டறையில். வயலின்காரர் பர்னாட் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், தச்சு வேலை செய்பவர். மரத்தூளுக்கு நடுவில் நின்று வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். றம் மேளம் அடிக்கும் தவம் சைக்கிள் திருத்துபவர். பாடகர் ஞானசீலன் கிற்றாரை மடியில் வைத்தபடி ஒரு பாதி முடிந்த அலுமாரிக்குள் உட்கார்ந்திருந்தார். மூவருக்கும் நாற்பத்தைந்து வயது இருக்கும். கிழவர்கள் என்று முடிவு செய்தேன். (இன்று எனக்கு அதைவிடக் கூடிய வயது. முடிவை மாற்றிக்கொண்டேன்.)

"ஐந்து அலைகள் எண்டா அஞ்சு பேர் வேணுமே?" என்றேன்.

"ஒண்டு கனடாவில அடிக்குது தம்பி. ஒண்டு மண்ணுக்குள்ள போயிற்று. மிச்சம் மூண்டும் இந்தா, உங்கட முன்னுக்கு நிக்குது," என்றார் ஞானசீலன்.

"தண்ணி தாண்டி வரணும்."

"அங்க பாட்டுக் கேக்க ஆள் இரிக்கா?"

"கல்யாண வீடு. ஊரே இரிக்கும்."

"அப்ப வாறம்."

எனக்கு மனம் ஆறவில்லை. "எல்லாம் பழைய பாட்டுத்தானே?" என்று இழுத்தேன்.

"புதுசுதான் கனக்க இரிக்கு. ஞாயிறுக்கு ஞாயிறு செய்யிறம்."

"அத ஆர் கேக்கிறாங்க?"

"நாங்க கேக்கிறம்," என்றார்.

எவ்வளவு பரிதாபம் என்று நினைத்தபடி சைக்கிளில் ஏறினேன். என்னைவிட எனக்கு அப்போது யார்மீதும் அவ்வளவு மதிப்பு இருக்கவில்லை.

இனி மாப்பிள்ளையின் தாய்மாமனைச் சொல்ல வேண்டும். அவர் வட்டை விதானை. ஒரு வட்டை வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது என்று நாள் சொல்பவர். அவர் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு நெல்மணி முளைத்ததில்லை. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை, மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. ஆட்களைச் சுட்டிப் பேசுவதற்கு.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். (வந்து அங்கேயே இருந்தும் விடுவார். அத்தான் இன்னும் இருக்கிறார்.) அவர்கள் வீடும் இக்கரையில்தான், அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பாதைத் துறை. நான்தான் திட்டம் சொன்னேன்.

"மாமா, நாங்க பாட்டுக்காரரோட துறையடியில நிப்பம். பாட்டுச் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை வெளிக்கிடட்டும். அங்கயிருந்து ஊர்வலமாக் கூட்டிப் போவம்."

குடை என் நெஞ்சுக்கு நேரே வந்தது. "மனே, வியாழக்கிழமை. ஒண்டரையிலயிருந்து மூண்டு வரைக்கும் ராகுகாலம். மூண்டுக்குப் பிறகுதான் பாட்டுக் கேக்கணும். ராகுகாலத்தில படி இறங்கின மாப்பிள்ளைய நான் திருப்பிக் கூட்டிப் போயிருவன். மறுகா வேற நாள் பாக்கிறதுதான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. சண்டையால் கல்யாணம் முன்பே தள்ளிப் போயிருந்தது. அழைப்பிதழில் பழைய தேதியை வெட்டிப் புதிய தேதியை எழுதியவன் நானே. எழுதும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "தம்பி, இன்னொருக்காத் தள்ளிப் போச்செண்டா அது நடக்காதுடா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வருடம் தள்ளிப்போன கல்யாணங்களில் எத்தனை நடக்காமலே போயின என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கல்யாண நாள் மத்தியானம் அலைகளை அழைத்துவரப் போனேன். காவலரணில் வயலின் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், றம்மைத் தட்டிப் பார்த்தார்கள், லவுட்ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்த கார் பற்றரியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பற்றரி இல்லாமல் யாருக்குக் கேட்கும் என்று நான் தலையில் கை வைத்தேன். ஞானசீலன் தண்ணீரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ஆவணி மாதம், வாவி வற்றிக் கிடந்தது. முக்கால்வாசித் தூரம் வந்ததும் பாதை ஒரு சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கம்பால் தள்ளினார்கள், நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம் போய் நின்று பார்த்தோம், மறுபக்கம் போய் நின்று பார்த்தோம். அது அசைவதாக இல்லை.

பாதைக்காரர் அக்கரைக் காவலரணைத் திரும்பிப் பார்த்தார். "மனே, நடுத் தண்ணியில பெட்டியளோட சும்மா நிண்டா அவங்களுக்குச் சந்தேகம் வரும். எதையாவது அடிக்கச் சொல்லுங்க. பாட்டுக்காரர் எண்டு தெரியட்டும்."

அருமையான யோசனை என்று எனக்குப் பட்டது. உயிரைக் காக்கிற அவசரத்தில் மனிதனுக்கு வேறு ஒன்றும் ஞாபகம் வராது. எனக்கு, நானே சொன்ன திட்டம் ஞாபகம் வரவில்லை.

"அடிங்க அண்ணன்!" என்றேன்.

தவம் மெல்லத் தாளத்தைத் தொடங்கினார். பர்னாட் கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தப் பழைய துள்ளல் பாட்டுகளை எதிர்பார்த்துக் காதைத் தயாராக வைத்திருந்தேன். வந்தது நான் கேட்டிராத ஒன்று.

*வலையை விரிச்சா வானம் விழுது,*
*வாரி எடுத்தா ஒண்டுமில்ல...*

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து மெல்லிய காற்று வீசத் தொடங்கியிருந்தது. மோட்டார்ச் சத்தம் இல்லை, வெடிச் சத்தம் இல்லை, வானத்தில் ஒன்றும் சுற்றவில்லை. வாவி முழுவதும் பால் ஆறியது போல ஆடை கட்டிக் கிடந்தது. ஞானசீலனின் குரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்க் கரையோரக் கண்ணாப் பற்றைகளைத் தொட்டுவிட்டு, கொஞ்சம் தாமதித்து எங்களிடமே திரும்பி வந்தது. ஒரு மீன் துள்ளியது. பாதையில் இருந்த ஆடுகூட அசைபோடுவதை நிறுத்தியது. நான் சேறு, கல்யாணம், காவலரண் எல்லாவற்றையும் மறந்து பலகையில் மல்லாந்து படுத்துவிட்டேன். இந்த மூன்று பேரும் ஞாயிறுக்கு ஞாயிறு மரத்தூளுக்குள் இருந்து இதையா செய்துகொண்டிருந்தார்கள்? எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பாட்டு முடிந்ததும் இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. எழுந்து பார்த்தபோது எங்கள் கரையில் வெள்ளை வெள்ளையாக ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன், அங்க பாருங்க! சனம் வந்திட்டு! உங்கள மறக்கல்ல!" என்று கத்தினேன்.

கூட்டம் பெருகியது. முன்னால் நின்ற ஒருவர் கறுப்பாக எதையோ தலைக்குமேல் தூக்கி ஆவேசமாக ஆட்டினார். குதித்தார். இப்படி ஒரு ரசிகரை நான் கண்டதில்லை. நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் விடவில்லை.

"இன்னும் சத்தமா அண்ணன்! ஆடுறாங்க!"

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னத் தோணி எங்களை நோக்கி வந்தது. துடுப்பு வலித்துக்கொண்டு வந்தவர் பாதித் தூரத்திலேயே கூவினார். "பாட்ட நிப்பாட்டுங்க! மாப்பிள்ளை வந்திட்டார்!"

பாட்டு பாதியில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ராகு நடுவயதில் இருந்தார்.

என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு தோணி திரும்பியது. அந்தப் பயணத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை. கரையில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை, தட்டுகளோடு பெண்கள், முன்னால் விதானையார். ரசிகர் என்று நான் நினைத்தவரின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"உனக்கு நான் என்ன சொன்னன்? பாட்டுக் கேட்டதும் நான் மறிக்கிறதுக்குள்ள எல்லாரும் படி இறங்கிற்றாங்க! கை வேற காட்டுறான்! நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு நான் குடையை ஆட்டுறன், இவன் கை காட்டுறான்!"

அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வெட்டி எழுதிய அழைப்பிதழ் நின்றது.

விதானையார் திரும்பினார். "மாப்பிள்ளை, கிறுகுங்க. வீட்ட போவம்."

மாப்பிள்ளை அசையவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், மாமனுக்கு எதிரே நிமிர்ந்தும் பேசாதவர் என்று பெயர். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மாமா, அந்தப் பாட்டு முடியல்ல. பாதியில நிக்குது."

சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தோணியின்மேல் பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

நடுத் தண்ணீரில் இருந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. கரை அமைதியானதைக் கண்டு, ஆட்கள் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். பெண்கள் தட்டுகளை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பிள்ளையை மடியில் போட்டுத் தட்டினாள். விதானையார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார், நின்றார், கடைசியில் அவரும் தோணியின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே ராகு எங்களைக் கடந்து போனார். பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று தாண்டியதும் விதானையார் தொண்டையைச் செருமினார். கரையில் மீன்காரரின் ஓலைக் கொட்டில் ஒன்று இருந்தது. குடையால் அதைச் சுட்டினார்.

"இப்ப இதுதான் மாப்பிள்ளை வீடு. உள்ள போங்க, மாப்பிள்ளை. போய், வலது காலை வச்சு வெளிக்கிடுங்க."

அத்தான் கருவாட்டு வாசத்துக்குள் குனிந்து நுழைந்தார். வலது காலை வைத்து வெளியே வந்தார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவையிட்டார்கள். அந்தக் குரவை தண்ணீர் தாண்டிப் போக, அலைகள் பதிலுக்கு அந்தப் பழைய துள்ளல் பாட்டை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பாட்டுக்காரர் இல்லாமல் ஊர்வலம் எப்படிப் போவது? மாப்பிள்ளைத் தோழர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பாதையைச் சேற்றிலிருந்து தள்ளினார்கள். சுபநேரம் முடிவதற்குள் தாலி ஏறியது. கல்யாணப் படத்தில் ஒருவருக்கும் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. படம் பிடித்தவர் மானத்தைக் காப்பாற்றினார். தலையை வாரிப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டு வேலியோரம் நின்று அக்காவும் அந்தப் பாட்டைக் கேட்டாளாம். அது எனக்கு வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நேரத்துக்கு வெளிக்கிடுவதில்லை. கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே புறப்படச் சொன்னாலும் "பாட்டுக் கேக்கல்லியே" என்று ஒரு குரல் வரும். நான் எந்தப் பொறுப்பை ஏற்றாலும் யாராவது ஒருவர் குடையைத் தேடுவார்.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம். இப்போது பாலம் இருக்கிறது, ராணுவத்திடம் யாரும் பெட்டி திறந்து காட்டுவதில்லை. மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்து ஒரு பொடியன் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நேரம் நெருங்கியது. வாசலில் நின்ற வான் வண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். எங்கள் அத்தான் மட்டும் அவருடைய வானின் கதவைத் திறக்க விடாமல் ஒரு கறுப்புக் குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் அக்கா.

"இறங்குங்க அத்தான், நேரமாச்சு!"

"பாட்டுக் கேக்கல்ல."

"உள்ள போகுதே!"

"அது பாட்டா?"

அப்போதுதான் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வயலின் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமரத்தின் கீழே பர்னாட், கூன் விழுந்து. பக்கத்தில் கதிரையில் ஞானசீலன், தலையில் ஒரு முடி இல்லை. தவம் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா எனக்குச் சொல்லாமலே இவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, பாட்டு உடையவில்லை. நான் கேட்டிராத பாட்டு.

"இது எப்ப செய்த பாட்டு அண்ணன்?" என்றேன்.

"போன ஞாயிறு."

திரும்பிப் பார்த்தேன். அத்தான் வானிலிருந்து இறங்கி வந்து, குடையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்கிறாரா, ஆடுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.