கமராவுக்கு ஒரு தம்பி

மனித இரைப்பையின் உட்சுவரில் குடியிருக்கும் கிருமியைக் கண்டுபிடித்தது மருத்துவத்தின் மாபெரும் சாதனை. வெள்ளவத்தை நாகேந்திரத்தின் கிருமியைக் கண்டுபிடிக்க, கூட வர ஓர் ஆளும் வேண்டியிருந்தது.

"மயக்கிப்போட்டுத்தான் வயித்துக்குள்ள கமரா விடுவம் ஐயா. வீட்டு ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்து வைக்கோணும்" என்றாள் தாதி தனுஷியா.

"எங்கட குடும்பம் பெரிசு பிள்ளை. ஆரைக் கூட்டிவாறது, ஆரை விடுறது எண்டதுதான் பிரச்சினை."

ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர் அல்லவா, கூட வர ஆளில்லை என்று சொல்ல முடியுமா. குடும்பம் பெரிதுதான், பாதி ரொறன்ரோவில், மீதி லண்டனில். ஃப்ளாட்டில் அவரும் ஃப்ரிட்ஜும்.

மறுநாள், ஃப்ளாட் வாசலில் த்ரீவீலோடு நிற்கும் இன்ஸாபுக்குத் தன் வெள்ளைச் சட்டையை மாட்டித் தம்பியாக்கினார்.

"பேர் கேட்டா கஜேந்திரன் எண்டு சொல்லு."

"சரி சேர்."

"சேர் இல்லை. அண்ணன்."

"சரி சேர்."

ஆஸ்பத்திரியில் இன்ஸாப் யாரையும் கேட்காமல் லிஃப்ட் பக்கம் நடந்தான். கெட்டிக்காரன் என்று நாகேந்திரம் நினைத்துக்கொண்டார். தனுஷியா நிமிர்ந்து பார்க்காமலே படிவத்தை நீட்டினாள். அவன் 'இன்ஸாப்' என்று அழகாகக் கையெழுத்திட்டான்.

"வீட்டில கூப்பிடுற பேர்" என்றார் நாகேந்திரம்.

மயக்கம் தெளிந்தபோது டொக்டர் தம்பியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுறவரோ?"

"எங்க சேர். காலைல மீன் வச்ச மாலு பணிஸ் ஒண்டு. பகலைக்கு சோத்துப் பார்சல், அதுல பாதி பூனைக்கு. ராவைக்கு பிஸ்கட். தனியக் குந்தி திண்டா எறங்காதுதானே."

நாகேந்திரம் கண்ணை மூடி, மயக்கத்தைச் சற்று நீட்டித்துக்கொண்டார்.

"எடுத்த சதைத்துண்டை டெஸ்ட் பண்ணினம். கிருமி இருக்கு" என்றார் டொக்டர். "சேர்ந்திருந்து சாப்பிடுற ஆக்களுக்குள்ள தொத்தலாம். வீட்டில எல்லாரையும் செக் பண்ணுவம். முதல்ல தம்பியை."

இவன் தம்பி இல்லை என்று சொல்லலாம். அல்லது, தன்னோடு சாப்பிட யாருமே இல்லை என்று சொல்லலாம். இரண்டில் எது குறைந்த அவமானம் என்று நாகேந்திரம் யோசித்தார்.

"தம்பி என்னோட சாப்பிடுறேல்ல டொக்டர். கொஞ்சம் மனஸ்தாபம்."

"ரெண்டு பேரும் இந்த வயசிலயோ?" டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "என்ன நடந்தது, சொல்லுங்கோ."

இன்ஸாப் கூரையைப் பார்த்தான். படிவத்தைக் கோப்பில் வைக்க வந்த தனுஷியா குறுக்கிட்டாள்.

"தம்பியை இந்த மாசமே மூண்டு தரம் செக் பண்ணியாச்சு டொக்டர். ஐயா அவருக்கு நாலாவது அண்ணன். மற்ற மூண்டு அண்ணன்மாருக்கும் இதே விலாசம்தான். மாடி மட்டும் வேற."