குறைவாக ஓடுகிற வண்டி

"தோண்டுப்பா."

"தோண்டாத."

"தேப்யோ, நான் சொல்றேன்ல, தோண்டு."

"அவரு பேச்சக் கேட்டுத் தோண்டினா, நீயேதான் மூடிட்டுப் போகணும்."

எலக்ட்ரீஷியன் தேப்யோ தூக்கிய கடப்பாரையோடு நின்றான். ஒரு முழம் தோண்டியாயிற்று. குழிக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் மான்சிக், அந்தப் பக்கம் அவர் மனைவி ஓக்சுன். கருங்கல் மதிலுக்கு மேலே எத்தனை தலைகள் தெரிந்தன என்று கேட்காதீர்கள். அதில் ஒன்று என்னுடையது.

சாமிகள் ஊரில் இல்லாத வாரம் அது. வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் ஜேஜூ தீவின் பதினெட்டாயிரம் தெய்வங்களும் பழைய பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புதுப் பொறுப்பு வாங்க மேலே போய்விடும். அவை திரும்புவதற்குள் மண்ணைத் தோண்டலாம், மரத்தை வெட்டலாம், வீடு மாறலாம். மற்ற நாளில் தோண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தோண்டிப் படுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். ஆகவே சார்ஜர் கம்பம் நட மான்சிக்குக்கு இருந்தது எட்டே நாள். நடுவதா வேண்டாமா என்பது எந்த வண்டி வாங்குவது என்பதில் இருந்தது. எந்த வண்டி என்பதோ நான்கு மாதமாக முடிவாகாமல் கிடந்தது.

மான்சிக் பழக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் ஆரஞ்சுகளைச் சிறிது பெரிது என்று பிரித்தவர். ஓய்வுபெற்ற பிறகு பிரிப்பதற்கு எதுவும் இல்லை. பழைய டீசல் பிக்கப்பை உடைக்கக் கொடுத்ததும் அவருக்கு உயிர் வந்தது. முழுக்க மின்சாரத்தில் ஓடும் பிக்கப்பா, பிளக்கிலும் சொருகிக்கொண்டு பெட்ரோலும் குடிக்கும் ஹைப்ரிட் பிக்கப்பா? மூன்று நோட்டுப் புத்தகம் நிரம்பியது. பதினொரு முறை ஓட்டிப் பார்த்தார். காலைக் கஞ்சியிலிருந்து இரவுப் படுக்கை வரை ஓக்சுன் காதில் பாட்டரிதான்.

"ரெண்டும் குடிக்கிறத வாங்குங்க. அதுக்கு வீட்டு பிளக்கே போதும், குழியே வேணாம்" என்றாள் ஓக்சுன். அதைச் சொல்வது அன்றைக்கு நாற்பதாவது தடவை.

"நம்ம தீவ ஒரு சுத்து சுத்தினாலே இருநூறு கிலோமீட்டர் வராதுடி. எண்ணூறு கிலோமீட்டர் ஓடுற வண்டிய வச்சுக்கிட்டு நாலு சுத்தா சுத்தப்போற?"

"இந்தத் தீவோட உலகம் முடிஞ்சுபோச்சா?"

மான்சிக்குக்கு இது புரியவில்லை. ஓக்சுன் தீவை விட்டுக் கடைசியாகப் போனது பதினேழு வருடத்துக்கு முன்னால், பல் கட்ட.

"அண்ணே, முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. எனக்கு இன்னும் ஒம்பது குழி இருக்கு" என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தேப்யோ கிளம்பினான்.

மறுநாள் மான்சிக் விட்டுக்கொடுக்கத்தான் புறப்பட்டார். ஹைப்ரிட் என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு, வழியில் சிகரெட் வாங்கக் கும்ஜாவின் கடையில் நின்றார். தப்பு அங்கேதான் நடந்தது.

"எங்க குடி போறீங்க அண்ணே? சொல்லவே இல்ல" என்றாள் கும்ஜா.

"யாரு குடி போறா?"

"ஓக்சுன் அக்கா ஏழு அட்டைப்பெட்டி வாங்கிட்டுப் போச்சே. ஒட்டுற டேப்பு மூணு." சில்லறையை எண்ணியபடியே சொன்னாள்: "இந்த வாரத்துல பெட்டி வாங்குறவங்க ஊறுகா போடவா வாங்குவாங்க?"

மான்சிக் சிகரெட்டை மறந்துவிட்டு ஓடினார். கொட்டகையில், பழக் கூடைகளுக்குப் பின்னால், ஏழு பெட்டிகள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கோபித்துக்கொண்ட மருமகள்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கப்பல் நேர அட்டவணை. அக்கரைக்குப் போகிற மோக்போ கப்பலுக்குச் சிவப்பு வட்டம். இத்தனை நாள் அந்தக் கதவைத் திறந்துதான் கிம்சி ஊறுகாய் எடுத்துத் தின்றிருக்கிறார்.

அன்று மாலை அவருடைய பாதுக் ஆட்டப் பலகையையும் காணோம். 'நான் ஆசையா ஆடுறதக்கூட விட்டு வைக்காம எடுத்துட்டுப் போறா' என்று நினைத்தார். முப்பத்தாறு வருடக் குடித்தனம்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. வண்டிதான் வரும்.

மூன்றாம் நாள் காலை ஷோரூமில் போய் நின்றார்.

"மின்சார பிக்கப்தான். அதுல குறைவா ஓடுறது எது?"

விற்பனையாளர் காதைத் தேய்த்துக்கொண்டார். "அதிகமா ஓடுறதுங்களா ஐயா?"

"குறைவா. குளிர்ல இன்னும் குறையுமாமே?"

"குறையும்தான். அத நாங்க பொதுவா வெளிய சொல்றதில்ல."

"நல்லது. அதையே குடுங்க."

காட்சிக்கு நிறுத்தியிருந்த வண்டியே கிடைத்தது. இருநூற்றைம்பது கிலோமீட்டர், பனிக்காலத்தில் அதுவும் சந்தேகம். தீவுக்குள் இளவரசி மாதிரி ஓடும். அக்கரையில் இறங்கினால் முதல் மலையிலேயே உட்கார்ந்துவிடும். மான்சிக் தன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக எதையும் முடிவு செய்ததில்லை.

வண்டியைப் பார்த்த ஓக்சுன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு தூரம் போகும்?"

"நமக்குப் போதுமான தூரம்."

"இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மான்சிக்கின் சந்தேகம் உறுதியானது. வண்டி ஒரு பக்கம் கட்டிப்போடும், மறுபக்கம் அன்பு கட்டிப்போடட்டும் என்று ஆரம்பித்தார். அவள் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனார். கிளை வெட்டும்போது எந்தக் கிளை என்று விளக்கினார். அவளுடைய கிம்சி ஜாடிகளைச் சங்கத்து வழக்கப்படி சிறிது பெரிது என்று மாற்றி அடுக்கினார். அவளுக்கு உப்பு ஜாடியைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. பொதுக் குளியலறைக்கு அவளை வண்டியில் கொண்டுவிட்டு, இரண்டு மணி நேரம் வாசலில் காத்திருந்தார். உள்ளே இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு எங்கள் தெருவரை கேட்டது.

அன்று இரவே எட்டாவது பெட்டி கட்டப்பட்டது.

அன்பு போதவில்லை போலும் என்று மறுநாள் அவரே மீன் குழம்பு வைத்தார். ஓக்சுன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நாள்காட்டியைப் பார்த்து, "இன்னும் மூணு நாளா?" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். அக்கரையில், தொலைவில் மலைப் பக்கம் தேபெக்கில் முட்டைக்கோசுக் காடு வைத்திருக்கும் மான்சிக்கின் தம்பி மான்பால்தான் மறுமுனையில். கலியாணம் ஆகாத கட்டை, போன மாதம் பனியில் வழுக்கிக் கால் உடைந்து கிடப்பவன். 'என் தம்பிகிட்டயே பிராது வைக்கிறா' என்று மான்சிக் கதவில் காதை ஒட்டினார். "சொன்னா நாலு மாசம் யோசிப்பாரு" என்பது மட்டும் கேட்டது.

எட்டாம் நாள் விடிந்தது. சாயங்காலத்துக்குள் சாமிகள் வந்துவிடும். கம்பத்தை நட்டு முடித்த தேப்யோ, ஓக்சுன் கேட்டுக்கொண்டபடி பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து புது பிக்கப்பில் அடுக்கினான். மதில் மேல் இடமே இல்லை.

மான்சிக் ஓடி வந்து வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஓக்சுன். போகாதடி."

சொல்லியே விட்டார்.

"ஜாடிய நீ வச்ச மாதிரியே வச்சுடறேன். பாட்டரி பேச்சே எடுக்க மாட்டேன். வேணும்னா இந்த வண்டியக் குடுத்துட்டு நீ சொன்ன ஹைப்ரிட்டையே வாங்கிடுவோம். எண்ணூறு கிலோமீட்டர். நீ எங்கயும் போகாத வரைக்கும் எவ்வளவு தூரம் ஓடினா என்ன?"

ஓக்சுன் அவரை வெறித்துப் பார்த்தாள். கண் கலங்கிற்று, ஆனாலும் தோட்டத்துக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கையில் இருந்த கப்பல் டிக்கெட்டைத் தேப்யோவிடம் நீட்டி, "நீயே சொல்லிடுப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேப்யோ கடைசிப் பெட்டியை இறக்கி, இத்தனை நாள் சுவரைப் பார்த்திருந்த பக்கத்தைத் திருப்பி வைத்தான்.

"எல்லாத்துலயும் உங்க பேருதாண்ணே எழுதியிருக்கு, அண்ணி எங்கயும் போகல, உங்க தம்பிக்குக் கால் கூடுற வரைக்கும் தேபெக்குக்குக் குடி போறது நீங்கதான், சீக்கிரம் கிளம்புங்க, இந்த வண்டிக்கு வழியில மூணு எடத்துல சார்ஜ் போடணும்."