ரைட்டர் பொறுப்பில் இருந்த பெட்டி

கரடியூர்,
14.12.1986

சேலத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஞானசுந்தரம் அவர்களுக்கு, எஸ்டேட் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் உங்கள் தங்கை இன்பமேரியும் பிள்ளைகள் நால்வரும் சுகம். நான் மட்டும் சுகமாக இல்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வருஷம் நாலாவது பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் இன்பமேரியை ஜீப்பில் போட்டுக் குப்பனூர் வழியாகச் சேலத்துக்குக் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்பு தேறினதும் ஆபரேஷன் பண்ணிக்கலாம். அதுக்குள்ள இன்னொண்ணு உண்டானா உசுருக்கு நான் பொறுப்பில்லை" என்று சொன்னது. அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.

நிரோத் ஆணுறைப் பெட்டியே என் மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது மச்சான். தொழிலாளிகளுக்குக் கொடுக்கச் சொல்லி சுகாதார இன்ஸ்பெக்டர் என் பொறுப்பில் வைத்தது. ஆனால் யார் வாங்கினாலும் நோட்டில் பேர் எழுதிக் கைநாட்டு வாங்க வேண்டும், அந்த நோட்டு மாதக் கடைசியில் மேனேஜர் மேஜைக்குப் போகும் என்பதால் ஒருவரும் வரவில்லை. நானும் 'மக்களுக்கு விருப்பமில்லை' என்று மூன்று மாதம் ரிப்போர்ட் எழுதினேன். என் பேரை நானே எழுத எனக்கு மட்டும் கை வருமா? புத்தி கெட்டுப்போய் வாட்ச்மேன் மாதப்பன் பேரில் மூன்று டஜன் எழுதி, என் பெருவிரலையே மையில் உருட்டிவிட்டேன். அடுத்த மாதம் வந்த இன்ஸ்பெக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, காலையில் பேர் கூப்பிடுகிற நேரத்தில் அத்தனை பேர் முன்னாலும் மாதப்பனை அழைத்து, இந்த எஸ்டேட்டிலேயே பொறுப்பான ஆள் இவர்தான் என்று துண்டு போர்த்திவிட்டார். மாதப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. மத்தியானம் ஆபீசுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, எம் பொண்டாட்டி செத்து ஒம்பது வருசமாச்சுங்க. யாரு ஊட்டுக்குப் போறேன்னு மருமவ கேக்குதுங்க. நா என்னன்னு சொல்லட்டுங்க?"

அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெட்டியைப் பூட்டினேன்.

பிறகு கருத்தடை மாத்திரை. அதற்கு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள், பஸ்ஸை விட்டால் நடைதான். நர்சம்மா லீவு என்று இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன், போன மாதம் மழையில் பாதை சரிந்து பதினோரு நாள் மாத்திரையே இல்லை. அந்த மாதம் அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தாலும் நான் காலண்டரில் நாள் எண்ணினேன். அவள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை மச்சான். ஆகையால் உங்கள் வீட்டுக்கார சாந்தாமேரி அக்காவைத் தை மாதம் பத்து நாள் இங்கே அனுப்பிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், இவளை அங்கே அழைத்துவந்து ஆபரேஷனை முடித்துவிடுவேன். தட்டாமல் பதில் போடவும்.

மாதா உங்கள் குடும்பத்தை மழையிலும் பனியிலும் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஸ்தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இன்பமேரிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கீரை ஆய்ந்தபடியே சொன்னாள்.

"நா ஆவணியிலயே கர்ப்பப்பையில லூப்பு போட்டுக்கிட்டேனுங்க. புது நர்சம்மா வாரா வாரம், வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள உடற கொட்டாய்க்கே வர்றாங்க. உள்ரூம்புல வெச்சுப் பாப்பாங்க, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டாங்க. நம்ம லைன் வீடுங்கள்ல பதினேழு பேரு போட்டிருக்கறாங்க. உங்க மாத்திரையெல்லாம் டப்பாவுல அப்படியே இருக்குதுங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னத நீங்க எனக்குச் சொன்னீங்களா? எனக்கே இப்பத்தானுங்க தெரியுது."

அக்கா வர வேண்டாம் மச்சான். எனக்குத்தான் இன்றைக்கு இவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.